தீப்பெட்டியின் மேல் ஊற்றிய தண்ணீர்

காய்ச்சல் விட்டது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். சளியும் இறங்கியது. ஒரு நாள் காலை அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, பாத்திரத்தின் அடி கருகி, புகை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து அறையில் தலை பின்னிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் எரிந்த பிறகுதான் ஓடினேன்.

டாக்டரிடம் போனேன். "வரும்மா. ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார். அந்தப் பதில் என்னை ஒரு இடத்தில் உட்கார விடாமல் செய்துவிட்டது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்வேன். சூடத்தை மூக்கடியில் வைத்துப் பார்ப்பேன். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தலையில் வைத்த பூவைக்கூடக் குனிந்து மோந்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. காற்றுக்கு ஒரு முகம் உண்டு என்பதே அது போன பிறகுதான் தெரிகிறது. முகமில்லாத காற்றுக்குள் நாள் முழுக்க நடமாடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது மாதிரி.

தலத்தெருவில் எங்கள் வீடு நீளமானது. முன்னால் கூடம், அதை ஒட்டி ஒரு அறை, பிறகு ஒரு குறுகிய நடை, நடையின் கடைசியில் சமையல்கட்டு. என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரியில் வேலை. சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் என் மாமனாரும்தான். மாமா நெடுங்காட்டுப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அத்தை போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். காது மந்தம். அதோடு மூக்குப்பொடி பழக்கம். வருஷக்கணக்காகப் பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கும் என் மூக்கு மாதிரிதான். ஒரு நாள் ஊசிப்போன சாம்பாரை நான் தெரியாமல் பரிமாற, அவரும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு புளி தூக்கலோ?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்குள் சண்டை கிடையாது, பேச்சும் அதிகம் கிடையாது. காப்பி டம்ளரை நான் ஸ்டூல் மேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்ததில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் மேல் என் விரல் பட்டதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் மருமகள்கள் அப்படித்தான்.

எதிர் வீட்டில் ஒரு பெண். திருவேட்டக்குடியிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். அவளுடைய அண்ணன்களுக்குப் படகு இருக்கிறது. என்னைவிட வயதில் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு மூக்கு போன கதை தெரிந்த பிறகு, வந்தால் சும்மா போகமாட்டாள். குளிர்ப்பெட்டியைத் திறந்து தயிரையும் மாவையும் முகர்ந்து பார்த்து, "இது ஆவும், இது ஆவாது" என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் போவாள். எனக்கு அது உதவியாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. என் வீட்டைப் பற்றி என்னைவிட அவளுக்கு அதிகம் தெரிகிறது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போதே சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் கைவசம் இருந்த புது சிலிண்டரை நானே மாற்றினேன். புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை இல்லை. மூடியைக் கழற்றி, ரெகுலேட்டரை வைத்து அழுத்தி, திருகி, மாமாவுக்குக் காப்பி போட்டேன். மூக்கு இருந்த காலத்தில் மாற்றி முடித்ததும் குனிந்து ஒரு தடவை மோந்து பார்ப்பேன். பழக்கதோஷத்தில் அன்றைக்கும் குனிந்தேன். மோந்தேன். ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டேன்.

எனக்கு வாடை தெரியாது என்பதே அந்த நொடியில் நினைவுக்கு வரவில்லை.

காப்பி போட்டு முடித்ததும் அடுப்பின் திருகை மூடினேன், ரெகுலேட்டரை மூடவில்லை. இரவுச் சமையல் இருக்கிறதே, எதற்கு மூடித் திறக்க வேண்டும் என்று நினைத்திருப்பேன். சாரல் உள்ளே அடித்ததால் சமையல்கட்டு ஜன்னலை இழுத்துச் சாத்தி, இடுக்கில் ஒரு துணியைச் செருகினேன். பின்கட்டுத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்காது. சிலிண்டர் வாயிலிருந்து சீறல் வந்திருக்கும். அதுவும் கேட்கவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் மேலும் கொடியிலும் காயாத துணிகள். அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். காற்று ஒரு சுழற்று சுழற்றியது. கரண்டு போனது. எங்கள் தெருவில் முதல் காற்றுக்கே கரண்டு போய்விடும், யாரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. இன்னும் இருட்டவில்லை, ஆனால் மழை மூட்டத்தில் வீட்டுக்குள் மங்கிவிட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். என் புடவை ஒன்று காற்றில் பறந்து அவள் வீட்டு வாசலில் விழுந்திருக்கிறது. அதைச் சுருட்டி மார்பில் அணைத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவள், வாசற்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். உள்ளே வரவில்லை.

"அக்கா. என்னக்கா இது?"

"என்ன?"

"கேஸு வாடை குப்புன்னு அடிக்குதுக்கா."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தா? உங்க வீட்டுக்குள்ளேருந்துதான்!"

என் கையில் இருந்த துணி அப்படியே இருந்தது. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காற்றில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மழை நேரத்துக் குளிர்ந்த காற்று, அவ்வளவுதான். ஒரு கணம் அவள் தப்பாகச் சொல்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

அந்த ஒரு கணத்தில்தான் நடையிலிருந்து சத்தம் வந்தது. சரக். கொஞ்சம் விட்டு மறுபடி, சரக்.

நடைச் சுவரில் சாமி மாடம். அத்தை போனதிலிருந்து விளக்கேற்றுவது மாமாவின் வேலை. கரண்டு போய் இருட்டினதால் வழக்கமான நேரத்துக்கு முன்பே ஏற்றப் போய்விட்டார். மழைக்காலத்து ஈரத்தில் தீப்பெட்டி நமுத்துப்போய், குச்சியின் மருந்து உதிர்கிற சத்தம் அது.

"மாமா! கொளுத்தாதீங்க! மாமா!"

கத்தினேன். காது மந்தம், போதாததற்குத் தகரத்தில் மழை. இன்னொரு சரக்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து செய்து காட்டினார்கள். பிறகு நான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். கேஸ் வாடை வந்தால் தீ மூட்டாதே, சுவிட்சைத் தொடாதே, கதவு ஜன்னலைத் திற, வெளியே போய்ப் பெரியவர்களைக் கூப்பிடு. பிள்ளைகள் பாட்டு மாதிரிச் சொல்வார்கள். ஆனால் விளக்கேற்றுகிற மாமனாரின் கையை எப்படி நிறுத்துவது என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

ஓடினேன். நடையின் நடுவில் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தேன். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, மாடத்துக்குள் தலையை நுழைத்த மாதிரி நின்று, இன்னொரு குச்சியை எடுத்துப் பெட்டியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வாளியைத் தூக்கினேன். அவர் கை மேல், தீப்பெட்டி மேல், விளக்கு மேல், தோள் மேல், எல்லாவற்றின் மேலும் ஊற்றினேன்.

அவர் திரும்பியபோது முகமெல்லாம் தண்ணீர். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. வாய் திறந்திருந்தது.

"கேஸ் மாமா, கேஸ்! வெளிய வாங்க!"

"என்னம்மா பண்ற நீ?"

அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் பலமாக உதறினார். வயதானாலும் மண்வெட்டி பிடித்த கை. நான் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஈரத்தில் அவர் கால் வழுக்கி, முட்டி சுவரில் இடித்தது. "ஐயோ" என்றார். அதற்கும் நான் நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, மழைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு வாசலில் விட்டேன். அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மாமா உட்கார்ந்தார். வேட்டி முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் இன்னும் அந்தத் தீப்பெட்டி. கூழாகிவிட்டது.

அதற்குள் மழைக்கு ஒதுங்கியிருந்தவர்களும் அக்கம்பக்கத்து வாசல்களில் நின்றவர்களும் வந்து கூடிவிட்டார்கள். அவர்கள் பார்த்தது என்ன? ஒரு மருமகள் கிழவரைத் தெருவில் இழுத்துக்கொண்டு வருவதைத்தான் பார்த்தார்கள்.

"என்னங்க பெரியவரே, என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

மாமா என்னைக் காட்டினார். "அவளையே கேளுங்க. தண்ணிய மூஞ்சில ஊத்துறா."

விளக்கம் சொல்ல எனக்கு நேரம் இல்லை. கரண்டு எப்போது வேண்டுமானாலும் வரும். வந்தால் குளிர்ப்பெட்டி தானாக ஓட ஆரம்பிக்கும். கூடத்து மின்விசிறி சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. சமையல்கட்டு லைட்டை அணைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை. என் போன் சார்ஜில் செருகியபடி உள்ளே கிடக்கிறது. ஒன்று ஒன்றாக மனதுக்குள் ஓட ஓட என் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது.

மெயின் சுவிட்ச் வாசல் வெளிச்சுவரில், மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. சுவிட்சைத் தொடாதே என்றுதான் பாடம். ஆனால் இப்போது கம்பியில் கரண்டே இல்லை, பொறி வர வழியில்லை. கரண்டு வந்த பிறகு தொட்டால்தான் வினை. மழை நேராக அடிக்கிற அந்தத் திறந்த வாசலில் நின்று, மெயினைக் கீழே இழுத்துவிட்டேன்.

அடுத்து ரெகுலேட்டர். வாசற்படியில் கால் வைத்தேன்.

"அக்கா, போவாதீங்க!" எதிர்வீட்டுப் பெண் பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டாள்.

"ஒரு திருகுதான். மூடிட்டு வந்துடுறேன்."

"வாசல்லயே இப்படி அடிச்சா உள்ள எப்படி இருக்கும்? உங்களுக்குத்தான் தெரியலையே. உள்ள போயி மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

அவள் சொன்னது சரி. கொஞ்சமாகக் கசிந்தால் உள்ளே போய் மூடலாம், நிறைய பரவிவிட்டால் வெளியே நின்றுதான் ஆளைக் கூப்பிட வேண்டும். அதையும் அந்தத் தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். கொஞ்சமா நிறையவா என்று சொல்ல வேண்டியது என் மூக்கு. அது இல்லை. அவள் மூக்கை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. காலை எடுத்துக்கொண்டேன்.

வாசல் கதவை முழுக்கத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தோம். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனேன். சமையல்கட்டு ஜன்னல் மழையில் ஊறிப் பெருத்திருந்ததால் கொக்கி விழாது. துணிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்தே கதவை இழுத்தேன். துணி உள்ளே விழுந்தது, கதவு படாரென்று திறந்தது. அப்போது கேட்டேன், மழைச் சத்தத்துக்கு அடியில் மெல்லிய சீறல். பாம்பு மாதிரி என்று சொன்னால் அது பொய். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரிதான் இருந்தது. அதைக் கேட்டுவிட்டு விலகி வருவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் புரியாது. கைக்கு எட்டுகிற தூரம். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

கேஸ் கம்பெனியின் அவசர எண் எனக்கு மனப்பாடம் இல்லை. எண் எழுதிய எங்கள் கேஸ் அட்டை சமையல்கட்டு ஆணியில் தொங்குகிறது. எதிர்வீட்டுப் பெண் தன் வீட்டு அட்டையைக் கொண்டுவந்து, அவள் போனிலேயே, அவள் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்று பேசினாள். "ஆளு அனுப்புறாங்களாம். யாரும் உள்ள போவக் கூடாதுங்குறாங்க" என்றாள்.

பிறகு காத்திருந்தோம். நான் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்குப் போய், அடுப்பு பற்ற வைக்காதீர்கள், எல்லாரும் வெளியே வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட்டத்தில் ஒருவர் பேசிக்கொண்டே வாயில் சிகரெட்டை வைத்துச் சட்டைப்பையைத் துழாவினார். நான் போட்ட சத்தத்தில் அவர் வாயிலிருந்து சிகரெட் விழுந்துவிட்டது. எங்கள் வாசலை ஒட்டி வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர் கிளம்பப் பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளிக்கிட்டு போங்க!" என்றேன். அவர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். இடையிடையே மாமாவைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்க்கமாட்டார். முட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பவும் தெருவுக்கு வருவேன்.

கரண்டு வந்தது.

தெருவிளக்கு மினுக்கி எரிந்தது. வீடு வீடாக ஜன்னல்கள் வெளிச்சமாயின. ஏதோ ஒரு வீட்டில் டிவி உரக்கப் பேச ஆரம்பித்தது. எங்கள் வீடு மட்டும் வாயைத் திறந்தபடி இருட்டாக நின்றது. நான் தெருவிலேயே, மழைத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். மெயினை இழுத்தேன், இழுத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இழுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. சிகரெட்டைக் கீழே போட்டவர்தான் என்னைத் தூக்கி நிறுத்தினார். "எழுந்திரிங்கம்மா. ஒண்ணும் ஆவல" என்றார்.

கேஸ் கம்பெனி ஆள் ரெயின்கோட்டோடு வந்தார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னோம். டார்ச்சை அங்கேயே போட்டுக்கொண்டு, உள்ளே பின்பக்கமாகப் போய், ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டு, உள்ளே தாழிட்டிருந்த கொல்லைக் கதவைத் திறந்து, அதைக் கொல்லையின் திறந்த வெளிக்குத் தூக்கிவந்தார். சிலிண்டர் வாய்க்குள் இருக்கிற ரப்பர் வாஷர் பிளந்துபோயிருந்ததாம். "புது சிலிண்டர்ல இப்படி வர்றது உண்டுங்க. மாட்டினதும் சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க, நுரை முட்டை விட்டா கசியுதுன்னு அர்த்தம்" என்றார். சோப்புத் தண்ணீருக்கு மூக்கு தேவையில்லை. கண் போதும். இத்தனை நாள் அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கதவு ஜன்னலெல்லாம் திறந்துகிடந்து வெகுநேரம் கழித்து எதிர்வீட்டுப் பெண் உள்ளே போனாள். நான் அவள் பின்னால் போனேன். அவள் ஒவ்வொரு அறையிலும் நின்று மோந்தாள். "இங்க இல்ல. இங்க இல்ல." சமையல்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கிரைண்டருக்குப் பின்னால் மூலையில், தரையோடு முகத்தை வைத்து, "இங்க செத்த, லேசா இருக்குக்கா" என்றாள். கேஸ் காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். ஒரு விசிறியை எடுத்து நான் அந்த மூலையை வீசிக்கொண்டே இருந்தேன். கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்குத் தெரியாத ஒன்றை வாசல் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தேன். அவள் போதும் என்று சொன்ன பிறகும் வீசினேன்.

அன்று சாப்பாடு அவள் வீட்டில். கருவாட்டுக் குழம்பு. மாமா முதலில் வேண்டாம் என்றார். பிறகு அவள் கணவருடைய வேட்டியை உடுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அவருக்கு எதிரில் உட்காரவில்லை.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மாமா பையோடு வாசலில் நின்றிருந்தார்.

"பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"மாமா, நேத்து நான்..."

"தெரியும். கேஸ்னு சொன்னாங்க." படியிறங்கினார். முட்டி வலியில் ஒரு காலை இழுத்து வைத்தார். திரும்பிப் பார்த்து, "சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அவ்வளவுதான். சொன்னேன் மாமா, உங்களுக்குக் கேட்கவில்லை என்று நான் சொல்வதற்குள் தெரு திரும்பிவிட்டார்.

அவர் மகள், என் நாத்தனார், திருநள்ளாறு பக்கம் இருக்கிறாள். அங்கிருந்து போன் ஒன்றும் வரவில்லை. வராதது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. அந்த நாட்களில் நான் எதையும் முழுதாகச் செய்யவில்லை. சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்ப்பேன். முட்டை வராது. பள்ளிக்கூடத்துக்குப் பாதி தூரம் போய்விட்டு, மூடினேனா என்று திரும்பி வருவேன். மூடித்தான் இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வேன். எதிர்வீட்டுப் பெண்ணைக் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டு, "வாடை வருதா பாரு" என்பேன். ஒரு நாள் அவளே, "அக்கா, நான் ஊருக்குப் போனா என்ன பண்ணுவீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்தார். கேஸ் கசிந்தால் கத்துமாம். கேஸ் கீழேதான் தங்கும் என்பதால் சுவரில் தரையை ஒட்டி மாட்டினார். மாட்டிக்கொண்டே, "அப்பாகிட்ட பேசினேன்" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தங்கச்சிதான் சொன்னா. அங்க போனதிலேருந்து வெளக்கு ஏத்தமாட்டேங்குறாராம்."

மறுநாள் ஞாயிறு, அவரே போய் மாமாவை அழைத்துக்கொண்டு வந்தார். மாமா கூடத்தில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுவந்தேன். ஸ்டூலில் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டினார். கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அங்க குச்சியை எடுத்தாலே கை நிக்கமாட்டேங்குது. பின்னால யாரோ ஓடிவர்ற மாதிரியே இருக்கு."

"முட்டி எப்படி இருக்கு மாமா?" என்றேன்.

"அது கெடக்கு." கொஞ்சம் யோசித்தார். "நீ உள்ள போயி எல்லாத்தையும் மூடியாச்சான்னு பாத்துட்டு வந்து என் எதுர நின்னு சொல்லு. கூப்புட்டுச் சொல்லாத, எனக்குக் கேக்காது. அப்புறம் ஏத்துறேன்."

அப்படித்தான் செய்கிறோம். தினமும் சாயங்காலம் நான் ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டு வந்து அவர் முகத்துக்கு நேராக நின்று, "மூடிட்டேன் மாமா" என்பேன். அவர் என் உதட்டைப் பார்ப்பார். பிறகு குச்சியைக் கிழிப்பார். கிழிக்கும்போது இருவருமே ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்கிறோம். பற்றிய பிறகுதான் மூச்சு விடுகிறோம்.

நிம்மதி வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். நேற்று சாம்பார்பொடிக்கு மிளகாய் வறுத்தேன். அந்த வெள்ளைப் பெட்டிக்கு கேஸும் மிளகாயும் ஒன்றுதான் போல, கத்த ஆரம்பித்தது. காது மந்தமான மாமாவுக்கே அது கேட்டுவிட்டது. நான் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்தால், அவர் எனக்கு முன்பே இடுப்புத் துண்டோடு தெருவில் நின்றிருந்தார்.

"மொளகாதான் மாமா. ஒண்ணும் இல்ல, உள்ள வாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மிளகாய் நெடியில் என் தொண்டை கமறியது, அதனால் தெரியும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பெண் மீன் வாங்கப் போயிருந்தாள். நல்ல வெயில். பெட்டி உள்ளே கத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அவள் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு தெருவோரம் நின்றோம். மாமா எதிர்வீட்டுப் படியில் இடம் பார்த்து உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விட்டார்.